சவர்க்காரப் பொங்கல்

அத்தியாயம் 14

பூனாகலைப் பெரியாயியின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் தெமோதரைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். ரெங்கசாமி இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார். அவர் சத்தியத்தை அவருடைய கோழிகளே நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பெரியாயிதான் தன் மகன் தியாகுவுக்கு ரெங்கசாமியின் இளைய மகள் குணவதியைப் பார்த்துவிட்டுப் போனவள். பரிசம் போட இரண்டு தடவை நாள் வைத்தாள். இரண்டு தடவையும் அவளே கலைத்தாள். முதல் தடவை பூனை குறுக்கே போனதாம். இரண்டாம் தடவை, "விருந்துக்கு என்னா கறி?" என்று கேட்டிருக்கிறாள். ரெங்கசாமி அனுப்பிய ஆள் வாய் தவறிப் 'பருப்பு' என்று சொல்லித் தொலைத்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பெரியாயிக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, பண்டாரவளை டாக்டர்மார் எல்லாரும் கைவிரித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாளாம்.

மூன்றாம் தடவை சொல்லியனுப்பினாள்: "இந்த ஞாயித்துக்கெழமதான் கடைசி. பந்தி பந்தியா இருக்கணும். ரெண்டு பஸ் மாறி வர்றவங்க பசியோட திரும்பிப் போனா, எங்களுக்கு அப்புத்தளையில வேற எடம் இருக்கு."

ரெங்கசாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி இராக்கம்மா மட்டும் சிரித்தாள். இராக்கம்மா வாய்விட்டுச் சிரித்தால், மலையை வளைத்துச் சுற்றிப் போகிற தெமோதரை ரயில் இன்னொரு சுற்றுச் சுற்றி என்னவென்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

"எதுக்கு இப்ப தலையில துண்டு? எம் மூத்த மக டீவியில இருக்கால்ல?"

மூத்தவள் ஜெயந்தினி கொழும்பில் டீவிச் சமையல் நிகழ்ச்சியொன்றில் வேலை. திரையில் அவள் முகம் தெரியாது. வெங்காயம் உரிக்கிற கை மட்டும் எப்போதாவது ஓர் ஓரத்தில் தெரியும். அதற்கே மேல் லயம் முழுக்கக் கைதட்டும். பத்து நாளைக்கு முன் அந்த ஜெயந்தினி சந்திக் கம்யூனிகேஷன் கடைக்குப் போன் எடுத்திருந்தாள். "அம்மா, பொங்கல் ஸ்பெஷல் நம்ம தோட்டத்து பங்களாவுலதான் எடுக்கிறாங்க. லொறி லொறியா சாமான் வருது. கல்யாண வீட்டுச் சமையல் தோத்துப் போயிரும்."

எந்த நாள் என்று இராக்கம்மா கேட்டிருந்தாள். அதே ஞாயிற்றுக்கிழமை.

பெரியாயியின் சொல் வந்த நொடியில்தான் அவள் மனதில் கணக்கு விழுந்தது. லயத்தில் ஒரு வீட்டில் அண்டா வைத்தால் அது எல்லா வீட்டுக்கும்தான். எந்தக் காலத்திலும் அப்படித்தான். பங்களாத் தோட்டத்தில் கல்யாணச் சமையல் நடக்குமென்றால், அதைத் தின்ன ஆள் வேண்டாமா? கொழும்புக்கா கட்டிக்கொண்டு போகப் போகிறார்கள்? பூனாகலைக்கு ஆள் போயிற்று: "பங்களாத் தோட்டத்துலதான் பந்தி. கோழி, ஆடு, சர்க்கரைப் பொங்கல். டீவிக்காரங்க சமையல்!"

ஜெயந்தினியிடம் இதை மூச்சுவிடவில்லை. அக்காக்காரி ஆச்சரியப்படட்டும் என்று வைத்துவிட்டாள்.

*

ஞாயிறு காலையில் மேல் லயத்தின் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை. இராக்கம்மா வீட்டுக் கூரையில் மட்டும் இல்லை. பக்கத்துக் காம்பரா ஸகீனா எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் ஷுக்ரிக்குத் தோட்டத்துக் கடை. ஊரில் யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

"என்னக்கா, சம்பந்திங்க வர்ற நாளு. அடுப்புல பூனையா படுத்திருக்கு?"

"பூனையும் படுக்கும், புலியும் படுக்கும். நீ மத்தியானம் பங்களாப் பக்கம் வந்து பாரு."

ஜெயந்தினி லொறியிலிருந்து இறங்கி ஒரு நிமிடம் லயத்துக்கு ஓடிவந்தாள். தங்கை குணவதிக்குக் கொண்டுவந்த சேலையைக் கையில் திணித்தாள். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற குணவதி, அன்று தன்னைத்தான் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் இரண்டே தடவை பேசியிருந்த தியாகுவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"சமையல் எல்லாம் ஆச்சாம்மா?"

"அதெல்லாம் ஆயிரும். நீ போயி ஒன் வேலையப் பாரு" என்றாள் இராக்கம்மா, கண்ணைச் சிமிட்டி. அந்தக் கண் சிமிட்டலுக்கு அர்த்தம் கேட்க ஜெயந்தினிக்கு நேரமில்லை.

*

பங்களாத் தோட்டத்தில் இறங்கியிருந்த சாமானைப் பார்த்து இராக்கம்மாவுக்கு மயக்கமே வந்தது. அன்னாசி ஒரு மலை. கோழி ஒரு மலை, ஆட்டிறைச்சி ஒரு மலை. நெய் டின்களை அடுக்கி வைத்திருந்த உயரத்துக்கு ஏறி நின்றால் நமுனுகுலை மலையே கீழே தெரியும். பெரியாயி இதைப் பார்த்தால் அப்புத்தளையை மட்டுமல்ல, அப்புத்தளைக்குப் போகிற பாதையையே மறந்துவிடுவாள்.

நிகழ்ச்சியின் பெயர் 'சிக்கன அடுப்பு'. நடத்துகிறவள் சுலோஜனா மெடம். பட்டுச் சேலை, ஒரு கூடைப் பூ, தேன் தடவின பேச்சு. இராக்கம்மாவைப் பார்த்ததும் மெடத்துக்குப் பிடித்துப்போயிற்று.

"ஜெயந்தினி, உங்கட அம்மாவோ? நல்ல முகம். அம்மா, நீங்கள் அந்த அம்மிக்குப் பக்கத்தில இருங்கோ. அரைக்க வேண்டாம், அரைக்கிற மாதிரி இருந்தால் காணும். நான் கேட்கேக்கை ஒரு வசனம் சொல்லோணும்."

"என்னா சொல்லணுங்க?"

"தோட்டத்துச் சனம் சாப்பாட்டை வீணாக்காது எண்டதைத்தான் நாங்கள் நாட்டுக்குக் காட்டப்போறம். 'எங்க வீட்டுல ஒரு பருக்கைகூட வீணாப் போகாது' எண்டு சொல்லுங்கோ. மிச்சச் சோத்தில வடை செய்யிறது எப்பிடி எண்டு நான் காட்டுவன்."

மிச்சச் சோறு எங்கே என்று இராக்கம்மா சுற்றிப் பார்த்தாள். அதுதான் வேடிக்கை. கொழும்பிலிருந்து யாரும் மிச்சச் சோறு கொண்டுவரவில்லை. அதனால் விடியற்காலையிலேயே நல்ல சம்பா அரிசியில் ஒரு அண்டா சோறு ஆக்கி, அதைத் தட்டில் பரப்பி, விசிறி ஆற வைத்து, மிச்சச் சோறு தயாரித்திருந்தார்கள்.

"எங்க வீட்ல நேத்துச் சோறு இருக்குங்க. கொண்டாரவா?" என்றாள் இராக்கம்மா.

"அது சிவப்பரிசி எல்லோ அம்மா? கமராவில அழுக்கு மாதிரித் தெரியும்."

கமரா ஓடியது. "எங்க வீட்ல ஒரு பருக்க கூட வீணாப் போகாதுங்க" என்றாள் இராக்கம்மா. காகம் கத்திவிட்டது. வெட்டு! மெடம் பிசைந்த சோறு அப்படியே ஒரு வாளிக்குள் போயிற்று. புதுத் தட்டுச் சோறு வந்தது. மறுபடி சொன்னாள். பனிமூட்டம் இறங்கி மெடத்தின் முகத்தை மறைத்தது. வாளி. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை மெடம் தும்மினாள். வாளி. சொல்லச் சொல்ல அந்த வசனம் இராக்கம்மாவின் வாயில் சுண்ணாம்பு அதிகமான வெற்றிலை மாதிரி காந்த ஆரம்பித்தது.

"ஜெயந்தி" என்று மகளைக் கிட்டக் கூப்பிட்டாள். "அந்த வாளிச் சோத்த நான் வேற பாத்திரத்துல எடுத்து வெக்கிறேன்."

"வேணாம்மா."

"ஏன்டி?"

"வேணாம்னா வேணாம். சும்மா ஒக்காரு."

ஜெயந்தினியின் முகம் கறுத்திருந்தது. இராக்கம்மா விட்டுவிட்டாள். சோறு போனால் போகட்டும். கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது, பொங்கல் இன்னும் இருக்கிறது.

*

பொங்கல் பானை ஏறியது. இரவெல்லாம் தூறலில் நனைந்த தேயிலை மிலாறுச் சுள்ளி அடுப்பில் புகைந்ததே தவிர எரியவில்லை. பால் அசையாமல் கிடந்தது. மெடம் நாலு தடவை "பொங்கலோ பொங்கல்!" என்று சிரித்துக் கையை உயர்த்தினாள். பால் பொங்கவில்லை. அவள் கைதான் வலித்தது.

"வெளிச்சம் போகுது. உடனே பொங்க வையுங்கோ" என்றாள்.

உடனே பொங்க வைப்பதா? இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சாமிக்கு வைக்கிற பானை அது நினைத்தபோதுதான் பொங்கும். அது பொங்கும்வரை அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட யாரும் குடிப்பதில்லை.

ஜெயந்தினி ஒரு போத்தலைக் கொண்டுவந்தாள். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீர். அதைப் பானைக்குள் ஊற்றி, ஒரு குழாயை உள்ளே விட்டு, கன்னம் உப்ப ஊதினாள்.

பானை பொங்கியது. வெள்ளை வெளேரென்று, எந்தத் தைப்பொங்கலிலும் யாரும் கண்டிராத அழகில் நுரை எழும்பி, கழுத்து மஞ்சள் இலையைத் தாண்டி வழிந்து, அடுப்பில் விழுந்து சீறியது. "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினாள் மெடம். கமராக்காரன் கட்டை விரலைக் காட்டினான்.

இராக்கம்மாவின் கை அம்மிக் குழவியிலேயே நின்றுவிட்டது. தன் வயிற்றில் பிறந்தவளின் மூச்சில் பொங்கிய சவர்க்காரம் அது.

மகள் பக்கத்தில் வந்தபோது அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "என்னாடி இது?"

"கத்தாதம்மா. எல்லாம் இப்பிடித்தான். கோழிய நெருப்புல ரெண்டு பெரட்டுப் பெரட்டி மேல சாயம் பூசுவாங்க. உள்ளுக்குப் பச்சை. வெந்தா சுருங்கிப் போகும், கமராவுக்கு நல்லாருக்காது. மினுங்கறதுக்கு இன்னொரு போத்தல் இருக்கு, அத அடிப்பாங்க."

"அதுல என்னா இருக்கு?"

"தெரியாதும்மா. கையில பட்டா ஒடனே கழுவச் சொல்லுவாங்க."

"அப்ப நீங்க என்னாத்த திங்கிறீங்க?"

"எங்களுக்குப் பதுளையிலேருந்து சோத்துப் பார்சல் வந்துச்சு. சாப்ட்டு முடிச்சாச்சு."

"அப்ப இதெல்லாம்?"

ஜெயந்தினி பங்களாவின் பின்புறத்தைக் கண்ணால் காட்டினாள். யூகலிப்டஸ் மரத்தடியில் குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் பினாயில் கேன். "நல்லதும் கெட்டதும் எல்லாம் அதுக்குள்ளதான். யாராச்சும் எடுத்துத் தின்னு வயித்து வருத்தம் வந்தா கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு மேல பினாயில் ஊத்துவாங்க." அப்புறம்தான் அவளுக்கு ஏதோ உறைத்தது. "ஏம்மா கேக்குற? வீட்ல சமையல் ஆச்சுதானே?"

அதற்கான பதில் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது.

*

முன்னால் ரெங்கசாமி. எந்தத் துரையோ எப்போதோ கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, சம்பந்திகளை பஸ் ஹோல்ட்டிலிருந்து நேரே பங்களாவுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தாம்பாளங்கள், தேங்காய், வெற்றிலைக் கட்டு, சேலைப் பெட்டி, நடுவில் பெரியாயி. அவள் நடையில் பசி தெரிந்தது. முதல் நாள் இரவிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டு வந்தவளின் நடை. அவள் பக்கத்தில் தியாகு, தலை குனிந்து. பண்டாரவளை ஹாட்வெயார் கடையில் வேலை. தாய் சொன்னால் இருமலைக்கூட விழுங்கிவிடுகிற பிள்ளை.

இராக்கம்மா எழுந்தாள். ஓடிப்போய் மறித்து வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். ஸகீனா அடுப்பிலாவது உலை வைக்க வேண்டும்.

"அம்மா, எழும்பாதேங்கோ!" என்று மெடம் கத்தினாள். "கடைசி ஷொட். அம்மியில நீங்கள் இல்லாட்டி முன்னுக்கு எடுத்ததோட ஒட்டாது."

ஜெயந்தினி அவள் தோளை அழுத்தினாள். "அஞ்சே நிமிசம்மா. நீ எழும்பினா என் வேல போயிரும். நேத்தே ஒருத்தியை நிப்பாட்டிட்டாங்க. கும்புடுறேன்."

மூத்தவளின் வேலை இந்தக் கையில். இளையவளின் வாழ்க்கை அந்தப் பாதையில். இராக்கம்மா உட்கார்ந்தாள்.

அதற்குள் மெடம் வந்தவர்களைப் பார்த்துவிட்டாள். பந்திக் காட்சிக்கு ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாம்பாளம் தூக்கிய ஒரு கூட்டமே நடந்து வந்தால் எப்படியிருக்கும்! "வாங்கோ, வாங்கோ! எவ்வளவு வடிவா வந்திருக்கினம்! இருங்கோ, எல்லாரும் வரிசையா இருங்கோ!"

பெரியாயி குளிர்ந்து போனாள். பட்டுச்சேலைக்காரி கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். வாழையிலை விழுந்தது. கோழி விழுந்தது, கருஞ்சிவப்பாக, மினுமினுவென்று. பொங்கல் விழுந்தது, மேலே நெய் மாதிரி ஏதோ வழிய.

"பரவால்ல சம்பந்தி" என்றாள் பெரியாயி, ரெங்கசாமியைப் பார்த்து. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தது. ரெங்கசாமியின் கோட்டுப் பொத்தான்கள் தெறிக்காதது அவர் தைத்த நூலின் பலம்.

மெடம் ஜெயந்தினியிடம் திரும்பினாள். "பிள்ளை, அவையிட்ட சொல்லும். வாயில வைக்கக் கூடாது, கையை மட்டும் கொண்டு போகோணும்."

ஜெயந்தினி பந்தியைப் பார்த்தாள். தங்கைக்கு மாமியாராக வரப்போகிறவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் 'தின்னாதீங்க' என்று எப்படிச் சொல்வது? ஒரு எட்டு வைத்தாள். பெரியாயி நிமிர்ந்து அவளைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று சிரித்தாள். ஜெயந்தினி தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"சொன்னீரோ?"

"சொல்லிட்டேன் மெடம்."

கமரா ஓடியது. மெடம் கை கூப்பினாள். "எங்கட தோட்டத்து உறவுகள் ஒண்டையும் வீணாக்காமல் கூடிச் சாப்பிடுற அழகைப் பாருங்கோ. சாப்பிடுங்கோ அம்மா, சாப்பிடுங்கோ!"

பெரியாயி கோழிக் காலைப் பிய்த்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. அவள் பார்க்கவில்லை, பசி பார்க்க விடாது. கை வாயை நோக்கி எழும்பியது.

அம்மியிலிருந்து பந்திக்கு இராக்கம்மா எப்படி வந்தாள் என்பது கமராவுக்கே தெரியாது. குழவி உருண்டது, பூக்கூடை சாய்ந்தது. பெரியாயியின் மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி. கோழிக்கால் பறந்துபோய் தாம்பாளத்துச் சேலைப் பெட்டிமேல் விழுந்தது.

இலையில் உட்கார்ந்தவளின் கையைத் தட்டிவிடுவது என்றால் என்னவென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கொலைகாரனாக இருந்தாலும் இலையில் உட்கார்ந்தால் தின்று முடிக்கும்வரை விடுவார்கள்.

"தின்னாதீங்க சம்பந்தி" என்றாள் இராக்கம்மா. மூச்சு வாங்கியது. "பச்சக் கறி. பொங்கல்ல சவுக்காரம். எல்லாம் பொய்யி."

பெரியாயி மெல்ல எழுந்தாள். கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சா எலையப் போட்ட?"

"தெரியாதுங்க. இப்பத்தான்..."

"ஒன் வீட்டு அடுப்புல என்னா வெச்ச?"

இராக்கம்மா புகையில்லாத தன் வீட்டுக் கூரைப் பக்கம் திரும்பினாள்.

"ஒன்னுமே வெக்கல" என்றாள் பெரியாயி. "எம் பையன் பரிசத்துக்கு ஊரான் சோறுன்னு விட்டுட்ட. பருப்புன்னு நான் கோவிச்சேன். அந்தப் பருப்பையாச்சும் ஆக்கி வெச்சிருந்தா, இன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டுத் தின்னுட்டு வெத்தல மாத்தியிருப்பேன்." தாம்பாளத்தை இடுப்பில் ஏற்றினாள். "வாடா தியாகு."

அவர்கள் இறங்கிப் போனார்கள். ரெங்கசாமி கோட்டோடு பின்னால் ஓடினார். "சம்பந்தி, சம்பந்தி!" என்ற குரல் தேயிலை மறைவில் தேய்ந்தது.

மெடம் கமராக்காரனிடம் போனாள். "அந்த அடியை வெட்டிப்போடும். கை வாய்க்குப் போற வரைக்கும் காணும். அந்த அம்மாவின்ர சிரிப்பு நல்ல வடிவு." பிறகு இராக்கம்மாவைப் பார்த்து, கோபமே இல்லாமல், "நீங்கள் முதலே என்னட்டக் கேட்டிருக்கலாம் அம்மா. இது சாப்பிடுறதுக்கு இல்லை, பாக்கிறதுக்கு" என்றாள். ஜெயந்தினியைப் பார்க்கவேயில்லை. பார்க்காததன் அர்த்தம் ஜெயந்தினிக்கு விளங்கியது.

மரத்தடியில் கோழி மலை, ஆட்டு மலை, சம்பாச் சோறு எல்லாம் குழிக்குள் போய்க்கொண்டிருந்தன. பினாயில் வாடை காற்றில் ஏறியது.

*

சத்தம் கேட்டுக் குணவதி புதுச் சேலையோடு லயத்திலிருந்து ஓடிவந்தாள். கூட்டம் இல்லை, தாம்பாளம் இல்லை. பந்தி வரிசையில் தாய் மட்டும் குனிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு யார் எடுத்தாலும் தாங்காது என்பதுபோல எடுத்தாள். ஒவ்வொரு இலையிலும் பொங்கல் அப்படியே காய்ந்து, ஓரத்தில் நுரை வெடித்திருந்தது.

"போயிட்டாங்களாம்மா?"

இராக்கம்மா அடுத்த இலையை எடுத்தாள்.

குணவதி அழுதுகொண்டே எதிர்ப்பக்கத்து இலைகளை எடுக்கத் தொடங்கினாள். திடீரென்று அழுகை நின்றது.

"அம்மா... இது யாரு எல?"

பெரியாயி உட்கார்ந்த இடத்துக்கு அடுத்த இலை. அது மடித்திருந்தது. உறவு தொடரட்டும் என்று நினைக்கிறவர்கள் மடிப்பதுபோல, மேல் பாதியைத் தன் பக்கமாக இழுத்து, ஒழுங்காக மடித்திருந்தது.

குணவதி பிரித்தாள். பொங்கல் இல்லை. கோழி இல்லை, உறிஞ்சின எலும்பு மட்டும் ஓரமாக. இலை துடைத்துப் போட்டதுபோலக் கிடந்தது. எல்லாரும் பெரியாயியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மெடம் 'சாப்பிடுங்கோ' என்று சொல்வதற்கும் முன்பே, தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் தனக்குப் போட்டதைத் தின்று முடித்திருக்கிறான். என்ன ருசியாக இருந்தாலும் இது பெண் வீட்டுச் சாப்பாடு என்று.

"அவருதாம்மா!" குணவதியின் முகம் விளக்கேற்றியதுபோல மலர்ந்தது. "பாத்தியா, பூரா சாப்ட்டிருக்காரு. உள்பக்கமா மடிச்சு வெச்சிருக்காரு. அவங்கம்மா என்னா சொன்னா என்ன? இவருக்குச் சம்மதந்தாம்மா!"

இராக்கம்மா இலையைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெயந்தினியைப் பார்த்தாள். ஜெயந்தினியின் கையில் அந்த மினுங்க வைக்கிற போத்தல் இன்னும் இருந்தது. அவள் அதன் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்துவிட்டு, வெளிறிப்போய் நின்றாள்.

"தெரியாதும்மா" என்றாள் ஜெயந்தினி. "சத்தியமா இதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கீழே பண்டாரவளை பஸ் ஹோர்ன் அடித்தது. இராக்கம்மா கையிலிருந்த இலைகளை அப்படியே போட்டுவிட்டு, செருப்பில்லாமல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதையில்லாத இடத்தில் விழுந்து ஓடினாள். "பஸ்ஸ நிப்பாட்டுங்க! அந்தப் பயல எறக்குங்க!"

மேலே பந்தியில் குணவதி அந்த இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாய் எதற்காக ஓடுகிறாள் என்று புரியாமல், இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.